உன் தம்பி மிதிக்கப்போகும் சைக்கிள்

கோமதி,

மாதப் பராமரிப்பு என்று இன்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். தறி ஓடவில்லை. ஆட்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் தறிக்கூடத்தில் உட்கார்ந்து, மடியில் ஒரு அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஃபோனில் சொன்னால் போதாதா, இதென்ன புதுப் பழக்கம் என்று நீ நினைப்பாய். ஃபோனில் பேசித்தானே இந்த நிலைமைக்கு வந்தோம். போன வாரம் நான் கத்திய கத்தலில் நீ லைனைத் துண்டித்தாய். அதுகூடப் பரவாயில்லை. அடுத்த அறையில் உன் தம்பி குமார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன், மறுநாள் மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. நாற்பது வருஷமாகத் தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை இது. உன் அம்மா எதிரே நின்று கையைக் கீழே கீழே காட்டுவாள், நான் மெதுவாகப் பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். நம் தெருவில் யாரும் ரகசியம் பேசியதில்லை, பேசினால் கேட்காது. அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு மெதுவாகப் பேச வேறு வழி தெரியவில்லை.

குமாரைப் பெங்களூருக்கு அழைத்து வர முடியுமா என்று கேட்டாய். டாக்டர் பட்டத்துக்காக நீ செய்கிற ஆராய்ச்சியில், அவனைப் போலத் தீராத அசதியில் கிடக்கிறவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்க்கிறீர்கள். முதல் நாள் ஒரு படம். அப்புறம் ஆளைச் சைக்கிளில் ஏற்றி, நின்ற இடத்திலேயே நிற்கிற சைக்கிள்தான், முடிகிற மட்டும் மிதிக்கவிடுவீர்கள். மறுநாள் அந்த ஆள் துவண்டு கிடக்கும்போது இன்னொரு படம். இரண்டுக்கும் நடுவில் மூளையில் என்ன மாறியது என்பதுதான் உன் கேள்வி. நீ பதவிசாகத்தான் சொன்னாய். வேண்டாமென்றால் வேண்டாம், நடுவில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், டாக்டர் கூடவே இருப்பார் என்றெல்லாம் சொன்னாய். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. சைக்கிள் என்றதுமே கோயில் பிரகாரம் கண்முன் வந்துவிட்டது. "நீயும் அவன சுத்தவிடப் போறியாட்டி?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் நீ லைனைத் துண்டித்தாய். உன்னை அப்படிக் கேட்டது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்டிருக்கக் கூடாத கேள்வி என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் நீ அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாய், பாதியைக் கேள்விப்பட்டாய், பாதியைப் பார்த்தாய். அதோடு, இந்தக் கடிதத்தை உன்கூட வேலை பார்க்கிறவர்களிடம் நீ வாசித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, அதனால் முதலிலிருந்தே சொல்லுகிறேன். குமார் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். தெரு முழுக்கக் காய்ச்சல் வந்துபோன சமயம். எல்லாருக்கும் வந்தது, எல்லாருக்கும் போனது. அவனுக்கும் போயிற்று. வாலிபால் ஆடுகிறேன் என்று கிளம்பிப் போனவன் திரும்பி வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் படுத்தான். அன்றைக்குப் படுத்தவன் பழைய குமாராக எழுந்திருக்கவே இல்லை. ரத்தம் எடுத்தோம், ஸ்கேன் எடுத்தோம், திருநெல்வேலியில் இரண்டு மூன்று டாக்டரைப் பார்த்தோம். எல்லாம் நார்மல், எல்லாம் நார்மல் என்றார்கள். மற்றவர்கள் வீட்டில் அது சந்தோஷமான வார்த்தை. நம் வீட்டில் அதைக் கேட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டோம். திருவேங்கடத்திலிருந்து உன் மாமா வந்து பார்த்துவிட்டு, "ராத்திரி பூரா செல்போனப் பாக்கான், பகல்ல தூங்குதான், இதுல என்ன நோயி இருக்கு மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்குப் பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. நானும், "ஏலே, எந்திச்சு வந்து தறிய ஓட்டு, எல்லாம் பறந்துபோயிரும்" என்று கதவருகே நின்று சொல்லிப் பார்த்தேன். அவன் எழுந்து வரத்தான் செய்தான். கொஞ்ச நேரத்தில் தறிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான்.

அந்த ஆடியில் உன் அம்மா நேர்ந்துகொண்டாள். தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் நம் ஊரில் ஆட்கள் கோயிலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள், ஆடிச்சுற்று என்று அதற்குப் பேர். ஒற்றைக் காலில் தபசு நிற்கிற அம்பாளின் கால்வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்று நம்பிக்கை. நூற்றியொன்று சுற்றுகிறவர்கள் உண்டு, அதற்கு மேலேயும் உண்டு. உன் அம்மா நூற்றியொன்று என்று நேர்ந்தாள். அவளே சுற்றியிருக்கலாம். நோய் யாருக்கோ அவர்கள் சுற்றினால்தான் பலன் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள். படுத்தே கிடக்கிற உடம்பு நடந்தால்தானே தேறும் என்று எனக்கும் பட்டது. சாமிக்கும் ஆச்சு, உடம்புக்கும் ஆச்சு என்று சொன்னது நான்தான். நீ லீவுக்கு வந்திருந்தாய். எண்ணிக்கை தப்பிவிடாமல் பார்த்துக்கொள்ள உன்னை அவன்கூட நடக்கச் சொன்னோம். நெற்றியில் கோயில் புற்றுமண்ணைப் பூசிக்கொண்டு அக்காவும் தம்பியும் புறப்பட்டதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

முதலில் இரண்டு பேரும் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். அப்புறம் அவன் பேச்சு நின்றது. அப்புறம் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தான். ஒரு மூலையில் தண்ணீர் பாட்டிலோடு நான் நின்றிருந்தேன். என்னைத் தாண்டும்போது, "கொஞ்சம் உக்காரட்டுமாக்கா" என்று உன்னிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "இன்னும் கொஞ்சந்தாம்ல குமாரு" என்றாய் நீ. நானும் அதையேதான் சொன்னேன். அவன் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, கூடச் சுற்றிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத சனம்கூட, "இன்னும் கொஞ்சந்தான் தம்பி, அம்மா பாத்துக்கிடுவா" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். எல்லாரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அவனும் அத்தனை பேர் பேச்சையும் கேட்டான். முழுசாகச் சுற்றி முடித்தான். வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டு, கேலி செய்த உன்னைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தான். பாத்தியா, ஒன்றும் ஆகவில்லை என்று உன் அம்மாவிடம் நான் சொன்னேன். மறுநாள் காலையில் அவனால் தலையைத் தலையணையிலிருந்து தூக்க முடியவில்லை. இந்த நோயின் குணமே அதுதான், உழைத்த அன்றைக்குத் தெரியாது, அடி பிந்தித்தான் விழும் என்று நீ பின்னாளில் படித்துவிட்டுச் சொன்னாய். அன்றைக்கு நம் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. அதைத் தெரிந்த டாக்டர்கூட நமக்கு வாய்க்கவில்லை.

அவன் விழுந்தது ஒரு பக்கம், அதற்கப்புறம் ஊர் சொன்னது இன்னொரு பக்கம். "நூத்தியொண்ணு சுத்துன பய, பாத்ரூமுக்கு நடக்க முடியலங்கான், நம்பச் சொல்லுதியளா?" என்று உன் மாமா கேட்டார். அவர் வாயைத்தான் எல்லாரும் அறிவோம், ஆனால் வாய்விட்டுக் கேட்காமல் அதையே நினைத்தவர்கள் எத்தனையோ பேர். சுற்றி முடித்ததே அவனுக்கு எதிரான சாட்சியாகப் போய்விட்டது. பரீட்சை போயிற்று. வெளிச்சம் ஆகவில்லை, சத்தம் ஆகவில்லை. பின்கட்டில் தறி ஓடினால் ஒவ்வொரு அடியும் தலைக்குள் விழுகிறது என்று அழுதான். இருபது வயதுப் பையன் அழுதால் அப்பன்காரன் என்ன செய்ய? நான்கு தறியையும் கழற்றி, ஊருக்கு வெளியே இந்தக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்துக் கொண்டுவந்து போட்டேன். தெருவில் மற்ற வீட்டுத் தறிகள் ஓடத்தான் ஓடும், அவர்களிடம் என்னவென்று போய்ச் சொல்வது? பழைய மெத்தை ஒன்றை வைத்து அவன் அறை ஜன்னலை அடைத்தேன். உன் அம்மா அன்றிலிருந்து ஆடி மாதம் கோயில் பக்கம் போவதில்லை. ஏனென்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

நீ மேற்கொண்டு எதைப் படிப்பது என்று தேடிக்கொண்டிருந்தவள், எங்கெங்கோ போகக்கூடிய மார்க்கை வைத்துக்கொண்டு, போயும் போயும் இதை ஏன் எடுத்தாய் என்று உன்னிடமும் நான் கேட்டதில்லை. எனக்குத் தெரியும். கூடவே நடந்து எண்ணியவள் நீ. உன்னை யாரும் குற்றம் சொன்னதில்லை, குமார் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் நீ உனக்குள் அதைச் சுமந்துகொண்டு திரிகிறாய், சாப்பிடும்போது பாதியில் எழுந்துபோய் அவன் கதவைப் பார்த்துவிட்டு வருகிறாய். முப்பது வயது ஆகப்போகிறது, கல்யாணப் பேச்சை எடுத்தாலே ஆராய்ச்சி முடியட்டும் என்கிறாய். அம்மா, நான், பக்கத்து வீடு என்று இத்தனை பெரிய ஆட்கள் சேர்ந்து செய்ததை நீ ஒருத்தி தூக்கிக்கொண்டு அலையாதே. அதற்கு நீ உரிமை கொண்டாட முடியாது.

போன பொங்கலுக்கு வந்தபோது நீ எங்களுக்கு விளக்கிச் சொன்னாய். அசதி என்றால் கைகாலில் மட்டும் இல்லை, மூளையிலும் ஏதோ மாறியிருக்கலாம் என்றாய். சில இடங்களில் ரத்த ஓட்டம் வேறு மாதிரி இருக்கிறதா, ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு பேசிக்கொள்வது குறைந்திருக்கிறதா, பிடரிக்கு நேராக உள்ளே இருக்கிற மூளைத்தண்டில் ஏதாவது மாறுதல் இருக்கிறதா, இதையெல்லாம்தான் பார்க்கிறோம் என்றாய். இருந்தாலும் அது நோய்க்குக் காரணமா, நோயால் வந்ததா என்று இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்றும் சொன்னாய். அது எனக்குப் புரிந்தது. துணியில் கோடு விழுந்தால் தறியில் கோளாறா நூலில் கோளாறா என்று நாங்களும் தேடுகிறவர்கள்தான். உன் அம்மாவுக்கு வேறு சந்தேகம். "அப்போ எம்புள்ளைய படம் புடிச்சா, இங்கனதான் நோயி இருக்குன்னு தெரிஞ்சிருமாட்டி?" என்று கேட்டாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு ஆளு படத்துல தனியாத் தெரியாதும்மா. நெறையப் பேரு படத்தச் சேத்து வச்சு, நோயில்லாத ஆளுகளோட ஒப்பிட்டுப் பாத்தாத்தான் ஏதாவது தெரியும்" என்றாய். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரே ஒரு படம் கிடைத்தால் தெருவுக்கெல்லாம் காட்டிவிடலாம் என்று அவள் எத்தனை வருஷமாக நினைத்திருந்தாளோ. பொய் சொல்லி அவளைச் சந்தோஷப்படுத்தாமல் விட்டாயே, அதற்காக அன்றைக்கு உன்மேல் கோபப்பட்டேன். இப்போது அதை மரியாதையாக நினைக்கிறேன்.

அதனால் ஒன்று சொல்லுகிறேன், இதை அப்பன் சொல்லாகவே வைத்துக்கொள். எல்லாம் செய்து முடித்து, எந்த மாற்றமும் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றே எழுது. தம்பிக்காக ஒன்றைக் கண்டுபிடித்துவிடாதே. நல்லதைத் தேடிக்கொண்டே போனால் இல்லாத இடத்திலும் அது கண்ணுக்குத் தெரியும். நாங்கள் மோர் குடித்தவன் சிரித்ததைப் பார்த்து அப்படித்தான் ஏமாந்தோம். உங்கள் வழிகாட்டி என்ன சொல்வார், பட்டம் தள்ளிப்போகுமா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தள்ளிப்போனால் போகட்டும். ஊருக்கு வந்தால் உட்கார்ந்து சாப்பிட வீடு இருக்கிறது.

இனி அவன் விஷயம். நீ ஃபோனை வைத்த பிறகு நான் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். உன் அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அவன்கிட்ட கேட்டியளா?" என்றாள். நான் கேட்கவில்லை. அவனிடம் என்ன கேட்பது என்றுதான் இருந்தேன். இரண்டு நாள் கழித்து, அவன் தெளிந்து எழுந்து உட்கார்ந்த சாயங்காலம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இப்போது அவன் எப்படி இருக்கிறான் என்று உனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மீண்டு, வெயில் தாழ்ந்ததும் பின்கட்டில் தறி கிடந்த இடத்தில் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்காருகிறான். என்னோடு சேர்ந்து சாப்பிடுகிறான். நான் கிரிக்கெட்டைப் பற்றி ஏதாவது சொன்னால் உங்களுக்கு ஒரு எழவும் தெரியாது என்கிறான். நம் வீட்டில் இருக்கிற பெரிய சொத்து அந்த ஒரு மணி நேரம்தான். சைக்கிளை மிதித்தால் அது போய்விடலாம். சில பேருக்குச் சில நாளில் திரும்பி வருகிறது, சில பேருக்கு மாதக்கணக்கில் வருவதில்லை என்று நீயே சொன்னாய். ஆடிச்சுற்றில் போனது பரீட்சை. இந்தத் தடவை போனால் அந்த நாற்காலி போகும். மறுபடியும் இருட்டு அறைக்குள் அவனுக்கு நான் ஊட்டிவிட வேண்டிவரும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது கோமதி. இதை ஃபோனில் சொல்லத் தெரியாமல்தான் கத்தினேன்.

"போவேண்டாம்லே, அக்காட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்று அவனிடம் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். பேசுவதற்கும் அவன் பலத்தைச் சேர்த்துத்தான் ஆகவேண்டும்.

"அக்கா எங்கிட்ட ஏற்கெனவே கேட்டுட்டாப்பா. ஒரு தடவ இல்ல, மூணு தடவ கேட்டா. வேண்டாம்னு சொல்லு சொல்லுன்னு அவளே சொன்னா. கோயில்ல என்னைய யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லைதான். உட்காரட்டுமா என்று அவன்தான் எங்களைக் கேட்டான்.

"விழுந்துருவலே" என்றேன்.

"விழுவேன். அதுக்குத்தான கூப்பிடுதாங்க. அன்னைக்கு விழுந்தப்போ நடிக்கான்னாங்க. இப்போ விழுந்தா படம் புடிச்சு வைப்பாங்க. தனியாத் தெரியாதுன்னாலும் கூட்டத்துல நானும் ஒரு ஆளா இருப்பேம்லா." அப்புறம் கண்ணைத் திறக்காமலே சிரித்தான். "சும்மாவே கெடக்கேன் யப்பா. எனக்கும் ஒரு சோலி வேணும்லா. இந்தத் தெருவுல எனக்கு மட்டும் செய்யத் தெரிஞ்ச சோலி இது ஒண்ணுதான்."

நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு நாளும் நான் அந்தச் சத்தத்தை வெறுத்ததில்லை, அன்றைக்கு வெறுத்தேன். அவன் வயதுப் பையன்கள் எல்லாம் சாயங்காலம் வேலை முடித்து பைக்கில் பிரியாணிக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இவனுக்குக் கிடைத்திருக்கிற வேலை விழுவது. அதையும் அவன் ஆசைப்பட்டுக் கேட்கிறான். இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா அழ வேண்டுமா என்று இப்போது வரைக்கும் தெரியவில்லை. ஆனால் தடுக்கிற உரிமை எனக்கு இல்லை என்று மட்டும் தெரிந்துவிட்டது.

ஆகவே கூட்டிக்கொண்டு வருகிறேன். பஸ், ரயில் எதுவும் அவனுக்கு ஆகாது. பின்சீட்டில் படுத்து வருகிற மாதிரி கார் பேசியிருக்கிறேன். இரண்டு நாள் முன்னதாகவே வந்து அங்கே அறை எடுத்துத் தங்கி, வழியில் பட்ட அசதி ஆறிய பிறகுதான் அவனைக் கொண்டுவந்து விடுவேன். முடிந்த பிறகும் அவன் உட்காருகிற நிலைமைக்கு வரும்வரை அங்கேயேதான் இருப்போம். எத்தனை நாள் ஆனாலும் சரி, தறியை ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். உன் அம்மாவும் வருகிறாள். நான் வரவில்லை என்று முதலில் சொன்னவள், நேற்று அவன் துணிமணியோடு தன் சேலையையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா என்பதால் அந்த அறைக்குள் நீ வரக் கூடாதாம், அவன் படத்தில் பேர் இருக்காது, எண்தான் இருக்கும், எந்த எண் அவனுடையது என்பதுகூட உனக்குத் தெரியாது என்று அவன் சொன்னான். அதுவும் நல்லதுதான். தேடாதே. எல்லாப் படத்தையும் உன் தம்பி படம் மாதிரியே பார், உனக்கு அது முடியும்.

கரண்ட் வந்துவிட்டது. ஆட்கள் ஒவ்வொரு தறியாகப் போடுகிறார்கள், இனி இங்கே உட்கார்ந்து எதையும் யோசிக்க முடியாது. ஒன்றே ஒன்று கேட்டு முடித்துக்கொள்ளுகிறேன். சைக்கிள் மிதிக்கும்போது பக்கத்தில் உங்கள் ஆள் ஒருவர் நிற்பார். உற்சாகப்படுத்துவது அவர் வேலையாகக்கூட இருக்கலாம். அவரிடம் நீ முன்கூட்டியே சொல்லிவை. அவன் உட்காரட்டுமா என்று கேட்டால், இன்னும் கொஞ்சந்தான் என்று அவர் எந்த பாஷையிலும் சொல்லக் கூடாது. சரி என்று சொல்லி அவனை இறக்கிவிட வேண்டும்.

அப்பா